டேட்டாபேஸ் எங்கே போனது?

வீட்டு போட்டோ சர்வர் திறக்க மறுத்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கூகுள் போட்டோஸில் படங்களை அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக் கொண்டிருந்தவர்களுக்கு 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லாமல் போனது. அதன் பிறகு ஏற்றும் ஒவ்வொரு படமும், ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 ஜிபி இடத்தில் கணக்காகிறது. வீட்டில் இரண்டு மொபைல் போனும் ஒரு கைக்குழந்தையும் இருந்தால் 15 ஜிபி எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பழைய லேப்டாப் ஒன்றையோ கைக்கு அடக்கமான மினி பிசி ஒன்றையோ வீட்டின் மூலையில் வைத்து, அதையே போட்டோ சர்வராக மாற்றிக் கொள்கிறார்கள். இதற்குக் கிடைக்கும் இலவச சாப்ட்வேர்களில் பலரும் நாடுவது இம்மிச். 2022ல் வெளிவரத் தொடங்கிய இது, 2025 அக்டோபரில் 2.0 பதிப்பை எட்டியது.

இதை நிறுவுவது எளிது. இரண்டு சிறிய பைல்களை டவுன்லோட் செய்து, ஒன்றில் பாஸ்வேர்டையும் போல்டர் பெயர்களையும் மாற்றி, ஒரே ஒரு கமாண்டு கொடுத்தால் போதும். சிக்கல் பிறகுதான் வருகிறது. நன்றாக ஓடிக் கொண்டிருந்த சர்வர் ஒரு நாள் காலையில் திறக்காது. உள்ளே எட்டிப் பார்த்தால் 'ஈநாட்பவுண்ட் டேட்டாபேஸ்' என்று முடியும் ஓர் எர்ரர் மெசேஜ் வரி வரியாக ஓடிக் கொண்டிருக்கும். டேட்டாபேஸ் என்ற பெயரில் யாரையும் காணோம் என்பது இதன் பொருள். கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் இதைப் பார்த்ததும் படங்கள் எல்லாம் அழிந்து விட்டதாக நினைத்து, எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து நிறுவத் தொடங்கி விடுகிறார்கள். அப்படிச் செய்யும்போதுதான் உண்மையிலேயே அழிகிறது.

டேட்டாபேஸ் காணாமல் போவதற்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எந்த வகையில் காணாமல் போனது என்று கண்டுபிடித்த பிறகே கையை வைக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

ஒரு சிறு குறிப்பு. கமாண்டுகளை இங்கு உச்சரிப்பின்படி தந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொல்லுக்குச் சொல் ஒரு ஸ்பேஸ் விட்டு டைப் செய்யுங்கள். ஹைபன் வரும் இடத்தில் மட்டும் அடுத்த எழுத்தை அதனுடன் ஒட்டியே அடிக்க வேண்டும்.

நான்கு அடுக்கு டிபன் கேரியர்

இம்மிச் என்பது ஒற்றை சாப்ட்வேர் அல்ல. டாக்கர் என்ற அமைப்பின் உதவியால் ஓடும் நான்கு கன்டெய்னர்களின் கூட்டு. டாக்கர் 2013ல் வெளிவந்தது. ஒரு சாப்ட்வேருக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கட்டிக் கொடுத்து, எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் அப்படியே ஓட வைப்பது இதன் வேலை. டிபன் கேரியரை நினைத்துக் கொள்ளுங்கள். சாதம் ஓர் அடுக்கில், குழம்பு ஓர் அடுக்கில், பொரியல் ஓர் அடுக்கில். ஒன்றின் வாசனை இன்னொன்றில் கலக்காது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கைப்பிடி பிடித்திருக்கிறது. இங்கே அந்தக் கைப்பிடிதான் கம்போஸ் பைல். எந்தெந்தக் கன்டெய்னர்கள் வேண்டும், எது எந்த போல்டரைப் பயன்படுத்தும் என்பதெல்லாம் இந்த பைலில் எழுதப்பட்டிருக்கும்.

நான்கு அடுக்குகளில் முதலாவது நாம் பிரவுசரில் பார்க்கும் சர்வர். இரண்டாவது, முகங்களை அடையாளம் காணும் மெஷின் லேர்னிங் பகுதி. மூன்றாவது, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையில் வைத்திருக்கும் ரெடிஸ். நான்காவது நம் கதாநாயகனான டேட்டாபேஸ். இதற்குள் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற சாப்ட்வேர்.

போட்டோக்கள் டேட்டாபேஸுக்குள் இருக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. போட்டோக்கள் சாதாரண பைல்களாக ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரில் இருக்கின்றன. டேட்டாபேஸில் இருப்பது அவற்றின் பேரேடு. எந்தப் படம் எங்கே இருக்கிறது, யாருடையது, எந்த ஆல்பத்தில் சேர்ந்தது, அதில் இருக்கும் முகம் யாருடையது ஆகிய விவரங்கள். நூலகத்தில் அலமாரிகள் அப்படியே இருக்க, புத்தகப் பட்டியல் மட்டும் எரிந்து போனால் எப்படி இருக்கும்? புத்தகம் போகாது. ஆனால் ஐம்பதாயிரம் புத்தகங்களுக்கு மறுபடி பட்டியல் போட வேண்டும். டேட்டாபேஸ் போனாலும் அதே நிலைதான்.

இன்னொன்று. கன்டெய்னர் என்பது தூக்கிப் போட்டு மறுபடி உருவாக்கக் கூடிய பொருள். நிலைத்து இருக்க வேண்டியதெல்லாம் அதற்கு வெளியே, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரிலோ வால்யூம் என்று டாக்கர் தனியாகப் பராமரிக்கும் இடத்திலோ இருக்கும். எனவே கன்டெய்னர் நின்று போனதைக் கண்டு பயப்பட வேண்டாம். போல்டரும் வால்யூமும் பத்திரமா என்பதுதான் கேள்வி.

முதலில் செய்யக் கூடாதவை

பதற்றத்தில் வேறு எங்கோ படித்ததை நம்பி 'டாக்கர் கம்போஸ் டவுன் ஹைபன் வி' என்று அடித்து விடாதீர்கள். கடைசியில் வரும் அந்த 'ஹைபன் வி' இருக்கிறதே, அது வால்யூம்களையும் சேர்த்து நீக்கு என்ற உத்தரவு. இம்மிச்சின் இன்றைய கம்போஸ் பைலில் டேட்டாபேஸ் சாதாரண போல்டரில் வைக்கப்படுவதால் தப்பிக்கலாம். ஆனால் அதன் பழைய பைல்களிலும், வேறு பல வீட்டு சர்வர் சாப்ட்வேர்களிலும் டேட்டாபேஸ் வால்யூமில்தான் இருக்கும். அங்கே இதை அடித்தால் பேரேடு அடியோடு போய்விடும். 'உறுதியா' என்று ஒரு வார்த்தை கேட்காது. வெறும் 'டாக்கர் கம்போஸ் டவுன்' மட்டும் என்றால் கன்டெய்னர்கள்தான் நீக்கப்படும், தகவல்கள் அப்படியே இருக்கும்.

'ப்ரூன்' என்ற சொல் வரும் கமாண்டுகளையும் இப்போது தொடாதீர்கள். அவை இடத்தைச் சுத்தம் செய்பவை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாத நேரத்தில் வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது.

இருக்கிறதா, இறந்ததா?

இனித் தேடலாம். கம்போஸ் பைல் இருக்கும் போல்டருக்குச் சென்று 'டாக்கர் கம்போஸ் பிஎஸ் ஹைபன் ஏ' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 'ஹைபன் ஏ' முக்கியம். அது இல்லாவிட்டால் ஓடிக் கொண்டிருக்கும் கன்டெய்னர்கள் மட்டுமே பட்டியலில் வரும், நின்று போனவை வரவே வராது. டேட்டாபேஸைக் காணோம் என்று கை பிசைபவர்களில் பலர் இந்த ஓர் எழுத்தை விட்டவர்கள்தான்.

பட்டியலில் டேட்டாபேஸ் வரியே இல்லை என்றால், கம்போஸ் பைலில் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். 'டாக்கர் கம்போஸ் கான்பிக் ஹைபன் ஹைபன் சர்வீசஸ்' என்று அடித்தால், பைலில் எழுதியுள்ள சர்வீஸ்களின் பெயர்களை மட்டும் வரிக்கு ஒன்றாகக் காட்டும். நான்கு பெயர்கள் வர வேண்டும். மூன்று வந்தால், பைலை காப்பி செய்து ஒட்டியபோது கடைசிப் பகுதி விடுபட்டிருக்கலாம். அல்லது நீங்களே பெயரை மாற்றியிருக்கலாம். இந்த பைலில் வரிகளின் தொடக்கத்தில் விடும் ஸ்பேஸ்களுக்கும் பொருள் உண்டு. ஒரு வரி இரண்டு ஸ்பேஸ் தள்ளிப் போனால் அது வேறு பகுதியின் பிள்ளையாகி விடும். டேப் கீயைப் பயன்படுத்தவே கூடாது.

இங்கே நான் பலமுறை பார்த்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சர்வர் பகுதியில் 'டிபென்ட்ஸ் ஆன்' என்று ஒரு தலைப்பும், அதன் கீழே ரெடிஸ், டேட்டாபேஸ் என இரு பெயர்களும் இருக்கும். இவை இல்லாமல் நான் கிளம்ப மாட்டேன் என்று சர்வர் சொல்வதாக வைத்துக் கொள்ளுங்கள். டேட்டாபேஸ் பகுதி விடுபட்டிருந்தால், சர்வர் நம்பியிருக்கும் சர்வீஸ் எங்கும் எழுதப்படவில்லை என்று சொல்லி டாக்கர் தொடக்கத்திலேயே மறுத்து விடும். சரியான எச்சரிக்கை இது. ஆனால் சிலர் அந்த எர்ரரை ஒழிப்பதாக நினைத்து அந்த வரியை அழித்து விடுகிறார்கள். உடனே எல்லாம் கிளம்புவது போல் தெரியும். ஒரு நிமிடம் கழித்து சர்வர் டேட்டாபேஸைத் தேடிக் கதறத் தொடங்கும். விடுபட்ட பகுதியைத் திரும்ப ஒட்டுங்கள், அழித்த வரியையும் திரும்பச் சேருங்கள். பிறகு 'டாக்கர் கம்போஸ் அப் ஹைபன் டி' கொடுத்தால் போதும்.

வரி இருக்கிறது, ஆனால் 'எக்ஸிட்டட்' என்றோ 'ரீஸ்டார்ட்டிங்' என்றோ காட்டுகிறது என்றால், டேட்டாபேஸ் கிளம்பிப் பார்த்து விழுந்திருக்கிறது. ரீஸ்டார்ட்டிங் என்றால் விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து கொண்டிருக்கிறது. ஏன் விழுந்தது என்பதை அதுவே எழுதி வைத்திருக்கும்.

கடைசி ஐம்பது வரிகள்

'டாக்கர் கம்போஸ் லாக்ஸ் ஹைபன் ஹைபன் டெயில் 50 டேட்டாபேஸ்' என்று கேளுங்கள். கடைசி ஐம்பது வரிகள் திரையில் வரும். எல்லாம் ஆங்கிலத்தில், பார்க்கவே மிரட்டலாக இருக்கும். ஆனால் வீட்டு சர்வரில் திரும்பத் திரும்ப வருபவை நாலைந்துதான்.

கரண்ட் போய் வந்த பிறகு வரும் வரியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கண்டுதான் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். டேட்டாபேஸ் முறையாக மூடப்படவில்லை, தானாகவே மீட்கும் வேலை நடக்கிறது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இது எர்ரர் அல்ல. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொள்ளும். கரண்ட் பாதியில் போனால், மறுபடி எழும்போது அந்தக் குறிப்பேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரி செய்யும். சில விநாடிகளோ நிமிடங்களோ ஆகலாம். அதற்குள் சர்வர் பொறுமை இழந்து எர்ரர் கொடுக்கும். நீங்கள் பொறுமை இழந்து சுவிட்சை அணைத்து விடாதீர்கள்.

சூப்பர் யூசருக்கு பாஸ்வேர்டு கொடுக்கப்படவில்லை என்று வந்தால், கம்போஸ் பைலுக்குப் பக்கத்தில் இருக்கும் டாட் என்வ் என்ற பைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வரி இல்லை, அல்லது எழுத்துப்பிழையோடு இருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் இந்த பைல் சாதாரணமாகக் கண்ணில் படாது. விண்டோஸ் நோட்பேடில் இதைத் திருத்தி சேவ் செய்தால் பெயரின் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக் கொள்ளும் அபாயமும் உண்டு.

பாஸ்வேர்டு சரியில்லை என்று வந்தால் கதை வேறு. டாட் என்வ் பைலில் இருக்கும் பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் முதன்முதலாக உருவாகும் நேரத்தில் மட்டுமே படிக்கப்படுகிறது. ஆறு மாதம் கழித்து நீங்கள் அங்கே புதிய பாஸ்வேர்டு எழுதினால் சர்வர் புதியதைச் சொல்லும், டேட்டாபேஸ் பழையதையே எதிர்பார்க்கும். பழையதைத் திரும்ப எழுதுவதே எளிய வழி. பாஸ்வேர்டில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் இருக்கட்டும். டாலர் குறி போன்றவற்றுக்கு டாக்கர் வேறு பொருள் கொள்ளும்.

போல்டரின் அனுமதியை மாற்ற முடியவில்லை என்ற பொருளில் வந்தால், டேட்டாபேஸ் போல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். கடையில் வாங்கும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் என்டிஎப்எஸ் அல்லது எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்யப்பட்டே வருகின்றன. ஒரு போல்டர் யாருக்குச் சொந்தம் என்று லினக்ஸ் முறையில் குறித்து வைக்கும் வசதி எக்ஸ்பேட்டில் இல்லை. என்டிஎப்எஸ் டிஸ்க்கையும் போஸ்ட்கிரெஸ் நம்பும்படி வைக்க முடிவதில்லை. தன் போல்டர் தனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தால்தான் போஸ்ட்கிரெஸ் ஓடும். இந்த விஷயத்தில் அது பிடிவாதக்காரர். இஎக்ஸ்டி4 முறையில் பார்மட் செய்த டிஸ்க் வேண்டும். பார்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ளவை அழியும் என்பதை நினைவில் வையுங்கள்.

பைல்கள் இந்தப் பதிப்புடன் பொருந்தவில்லை என்று வந்தால், யாரோ போஸ்ட்கிரெஸின் பதிப்பு எண்ணைக் கையால் மாற்றியிருக்கிறார்கள். பதிப்பு 14 எழுதிய பைல்களை 16 நேரடியாகப் படிக்காது. எண்ணைப் பழையபடி மாற்றினால் போதும், தகவல் எதுவும் கெடாது. புதியதுதானே நல்லது என்று இந்த எண்ணை ஏற்றாதீர்கள். இம்மிச் பயன்படுத்துவது, படங்களைத் தேடவும் முகங்களை ஒப்பிடவும் கூடுதல் வசதி சேர்த்த தனி போஸ்ட்கிரெஸ். பொதுவாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் இமேஜை அங்கே வைத்தால் ஓடாது.

டிஸ்க் நிரம்பி விட்டாலும் டேட்டாபேஸ் படுத்து விடும். 'டிஎப் ஹைபன் ஹெச்' என்று கேட்டால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எவ்வளவு இடம் மீதி என்று தெரியும். எக்ஸிட்டட் என்பதற்குப் பக்கத்தில் 137 என்ற எண் இருந்தால் கன்டெய்னர் வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது என்று பொருள். வீட்டு சர்வரில் பெரும்பாலும் மெமரி போதாமைதான் காரணம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் முகம் தேடும் பகுதியையும் சேர்த்து ஓட விட்டால் இது நடக்கும்.

ஓடுகிறது, ஆனால் கண்ணில் படவில்லை

பட்டியலில் டேட்டாபேஸ் 'ஹெல்தி' என்று நலமாக இருக்கிறது, ஆனாலும் சர்வர் காணோம் என்கிறது. இப்போது எர்ரர் மெசேஜைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஈநாட்பவுண்ட் என்றால் அந்தப் பெயரில் யாரும் இல்லை. ஈகன்ரெப்யூஸ்ட் என்றால் முகவரி கிடைத்தது, போய்க் கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லை.

ஒரே கம்போஸ் பைலில் இருக்கும் கன்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லியே கூப்பிட்டுக் கொள்ளும். அந்தப் பெயர், பைலில் சர்வீஸுக்கு நீங்கள் வைத்த பெயர்தான். வேறு குறிப்பு இல்லாவிட்டால் இம்மிச் சர்வர் தேடுவது 'டேட்டாபேஸ்' என்ற பெயரை. நீங்கள் அழகாக இருக்கட்டும் என்று அதை வேறு பெயராக மாற்றியிருந்தால், டாட் என்வ் பைலில் டிபி ஹோஸ்ட்நேம் என்ற வரியில் அந்தப் புதிய பெயரைச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸை மட்டும் வேறு போல்டரில் வேறு கம்போஸ் பைலாகப் பிரித்து வைத்தாலும் இதே கதி. இரண்டு போல்டர் என்றால் இரண்டு தனித்தனி நெட்வொர்க். பக்கத்துத் தெருவில் நின்று கூப்பிட்டால் கேட்காது.

ஈகன்ரெப்யூஸ்ட் என்பதோடு 127.0.0.1 என்ற எண்ணும் இருந்தால், நீங்கள் ஹோஸ்ட்நேம் வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் கன்டெய்னருக்குள் இருந்து பார்த்தால் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். சர்வர் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக் கொண்டிருக்கும். சர்வீஸ் பெயரை எழுதுங்கள், சரியாகும்.

எர்ரரே வராத ஆபத்து

இதுவரை சொன்னவற்றில் கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு வகையில் கூச்சல் போடும். கூச்சலே போடாத ஒரு வகை உண்டு. அது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

எங்கள் சர்வர் ஒரு மினி பிசி. போட்டோக்களும் டேட்டாபேஸும் ஒரே யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் போய் வந்தது. மதியம் பிரவுசரில் இம்மிச்சைத் திறந்தால் படங்கள் இல்லை, எர்ரரும் இல்லை. புதிதாக நிறுவியவர்களை வரவேற்கும் பக்கம் வந்து, அட்மின் கணக்கு தொடங்கச் சொல்லிக் கேட்டது. என் மனைவி மூன்று வாரம் உட்கார்ந்து, பழைய கல்யாண ஆல்பங்களை ஸ்கேன் செய்த படங்களில் இருந்த ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கொடுத்திருந்தார். இன்று உயிரோடு இல்லாத பெரியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களை அடையாளம் சொல்லக் கூடிய அத்தைக்கு எண்பது வயது தாண்டி விட்டது.

"என்னங்க, நான் போட்ட பேரெல்லாம் போச்சா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கணக்கு தொடங்கினால் படங்கள் தானாக வந்து விடும் என்ற நப்பாசையில் இமெயில் முகவரியைப் பாதி டைப் செய்து விட்டேன். "தெரியாம எதையும் அழுத்தாதீங்க" என்றார். நல்ல வேளை, கேட்டேன்.

பட்டியலைப் பார்த்தால் நான்கு கன்டெய்னர்களும் நலம். லாக்கைப் பார்த்தால் டேட்டாபேஸ் அன்று காலைதான் புதிதாக உருவாக்கப்பட்டதாக எழுதியிருந்தது. அந்த வரிதான் துப்பு. 'டிஎப் ஹைபன் ஹெச்' கொடுத்தேன். யுஎஸ்பி டிஸ்க் பட்டியலிலேயே இல்லை.

நடந்தது இதுதான். லினக்ஸில் வெளி டிஸ்க் ஒன்றை ஒரு போல்டரில் பொருத்துவதை மவுன்ட் செய்வது என்பார்கள். டிஸ்க் வராவிட்டால் கம்ப்யூட்டர் பாதியில் நின்று விடக் கூடாது என்பதற்காக, மவுன்ட் விவரங்கள் இருக்கும் எப்எஸ்டேப் பைலில் 'நோபெயில்' என்ற சொல்லை நானே எழுதியிருந்தேன். அதனால் கரண்ட் வந்ததும், டிஸ்க் தயாராவதற்குக் காத்திராமல் கம்ப்யூட்டர் எழுந்து விட்டது. டாக்கரும் எழுந்தது. கம்போஸ் பைலில் சொன்ன போல்டரைத் தேடியது, இல்லை. இல்லாத போல்டரைத் தானே உருவாக்கிக் கொள்வது டாக்கரின் வழக்கம். உருவாக்கியது. போஸ்ட்கிரெஸ் வந்து பார்த்தது, போல்டர் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் புதிய டேட்டாபேஸ் தொடங்குவது அதன் வழக்கம். தொடங்கியது. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். பழைய பேரேடு பத்திரமாக டிஸ்க்கில் இருந்தது, டிஸ்க்தான் இணைக்கப்படவில்லை.

மீட்பதற்குத் தேவைப்பட்டது மூன்று கமாண்டுகள். முதலில் 'டாக்கர் கம்போஸ் டவுன்'. இதை முதலில் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் கன்டெய்னர்கள் பிடித்திருப்பது போலி போல்டரை. டிஸ்க் பிறகு வந்தாலும் அவை பழைய பிடியை விடாது. அடுத்து 'சுடோ மவுன்ட் ஹைபன் ஏ'. டிஸ்க் வந்ததை மறுபடி 'டிஎப்' மூலம் உறுதி செய்து கொண்ட பிறகு 'டாக்கர் கம்போஸ் அப் ஹைபன் டி'. இரண்டு நிமிடத்தில் எல்லாப் படங்களும், எல்லாப் பெயர்களும் வந்தன.

அன்று மாலையே இரண்டு மாற்றங்கள் செய்தேன். டேட்டாபேஸ் போல்டரை மினி பிசிக்கு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். கன்டெய்னர்களை நிறுத்தி, 'சுடோ சிபி ஹைபன் ஏ' மூலம் போல்டரை உரிமைகள் மாறாமல் நகலெடுத்து, டாட் என்வ் பைலில் டிபி டேட்டா லொகேஷன் வரியில் புதிய இடத்தை எழுதினால் போதும். டேட்டாபேஸ் எப்போதும் உள் டிஸ்க்கில் இருப்பது நல்லது. வேகமும் கூடும்.

இரண்டாவது, ஒரு சின்ன தந்திரம். கன்டெய்னர்களை நிறுத்தி, யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிய நிலையில், அது மவுன்ட் ஆகும் போல்டருக்குள் டாக்கர் உருவாக்கியிருந்த போலி போல்டர்களை வேறு இடத்துக்கு நகர்த்தி விட்டு, அந்தக் காலி போல்டருக்கு 'சுடோ சிஹெச்ஆட்டர் ப்ளஸ் ஐ' கொடுத்தேன். ப்ளஸ் குறியும் ஐ எழுத்தும் ஒட்டி வரும், பிறகு ஒரு ஸ்பேஸ் விட்டு போல்டரின் முழுப் பாதை. இனி அந்தப் போல்டருக்குள் யாரும், அட்மினே ஆனாலும், புதிதாக எதையும் உருவாக்க முடியாது. டிஸ்க் மவுன்ட் ஆகிவிட்டால் அதன் மேல் வழக்கம்போல் எழுதலாம். டிஸ்க் வராத நாளில் டாக்கர் போலி போல்டர் உருவாக்கப் பார்த்துத் தோற்று, எர்ரர் கொடுத்து நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பேரேட்டுக்கு ஒரு நகல்

இம்மிச் ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்கு டேட்டாபேஸின் நகல் ஒன்றைத் தானே எடுத்து வைக்கிறது. மாற்றாமல் விட்டால் கடைசி 14 நகல்கள் இருக்கும். போட்டோ போல்டருக்குள் பேக்கப்ஸ் என்ற உள் போல்டரில் அவற்றைக் காணலாம். 2024ன் கடைசியில் வந்த வசதி இது. எனவே அதற்கு முந்தைய பதிப்பை இன்னும் ஓட்டிக் கொண்டிருப்பவர்கள் போல்டரைத் திறந்து ஒருமுறை பார்த்து விடுவது நல்லது.

ஆனால் ஒன்று. இந்த நகலில் பேரேடு மட்டுமே இருக்கிறது, போட்டோக்கள் இல்லை. நகல் இருப்பதும் போட்டோக்கள் இருக்கும் அதே டிஸ்க்கில்தான். எனவே போட்டோ போல்டர் முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்கு வாரம் ஒருமுறையாவது நகலெடுங்கள். பேரேடு நகலும் அதனுடன் வந்து விடும். ஓடிக் கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் போல்டரை அப்படியே காப்பி செய்து பேக்கப் என்று வைத்துக் கொள்ளாதீர்கள். பாதி எழுதிய பக்கங்கள் அதில் கலந்திருக்கும். கன்டெய்னரை நிறுத்திவிட்டு எடுத்தால்தான் அந்த நகல் செல்லும்.

மாற்றங்கள் செய்த மறுநாள் சோதித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்து, யுஎஸ்பி கேபிளை உருவி விட்டு, மறுபடி ஆன் செய்தேன். டேட்டாபேஸ் எழுந்தது, சர்வர் எழவில்லை. பட்டியலில் எக்ஸிட்டட் என்று நின்றது, வரவேற்புப் பக்கம் வரவில்லை. கேபிளைச் செருகி, மவுன்ட் செய்து, அப் கொடுத்ததும் படங்கள் வந்தன. மனைவி மொபைலில் திறந்து, முகங்கள் பக்கத்துக்குப் போய், அத்தை அடையாளம் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார்.